நகத்தில் ரத்தினக் கல்: வைடூரியம், மாலகைட், டர்க்காய்ஸ், ஓபல் டிசைன்கள்

பச்சை சரியான பச்சையாகவே இருக்கும், ஆனால் நகத்தைப் பார்த்தால் மாலகைட் (பச்சைப் பட்டைகள் ஓடும் கல்) என்று தோன்றாது. கல் டிசைன் சொதப்பும் பெரும்பாலான இடங்களில் குறை நிறத்தில் இருப்பதில்லை. கல்லில் ஒளி எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். மாலகைட் ஒளி புகாத கல். அதற்கு மேல்மினுக்கும் பட்டைகளும் போதும். வைடூரியத்தில் ஒரு கோடு கல்லுக்கு உள்ளேயே நகரும். ஓபலில் நிறம் திட்டுத்திட்டாக ஆழத்திலிருந்து எழும்பும். டர்க்காய்ஸுக்குக் கண்ணாடிப் பளபளப்பே கிடையாது. இதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஜெல் (விளக்கொளியில் இறுகும் நெயில் பாலிஷ்) பாட்டில் வாங்கப் போகலாம்.

எல்லா டிசைனுக்கும் முன்வேலை ஒன்றுதான். க்யூட்டிகிளை (நகத்தின் அடியோரத் தோலை) மரக்குச்சியால் பின்னுக்குத் தள்ளுங்கள். 180 கிரிட் பஃபரால் (மெல்லிய நகமென்றால் 240) நகத்தின் இயற்கை மினுக்கு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, நூல் உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை ஜெல்லில் சிக்கினால் பட்டை போட்ட பிறகுதான் கண்ணில் படும். பேஸ் கோட்டை மெல்லிதாகத் தடவி, நகத்தின் நுனி விளிம்பையும் மூடி, 48 வாட் எல்இடி விளக்கில் 60 விநாடி வையுங்கள். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தடிமனாகப் பூசினால் ஜெல் இறுகும்போது சூடு ஏறிச் சுரீரென்று சுடும். அப்போது கையை வெளியே எடுத்து, சில விநாடி கழித்து மறுபடி வைக்கலாம்.

ஜெல் தோலில் படவே கூடாது. இறுகாத ஜெல்லில் உள்ள அக்ரிலேட்டுகள் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நிற்கலாம், பல் அடைப்புப் பசைகளிலும் இதே குடும்ப வேதிப்பொருள்கள் இருப்பதால் பிரச்சினை நகத்தோடு முடியாது. தோலோரம் ஒரு மயிரிழை இடம் விட்டுப் பூசுங்கள். வழிந்தால் விளக்கில் வைப்பதற்கு முன்பே குச்சியால் வழித்துவிடுங்கள். வாங்கும்போது ‘ஹேமா இல்லை’ (HEMA, இதே குடும்ப வேதிப்பொருள்), ‘டிபிஓ இல்லை’ (TPO, விளக்கொளியில் ஜெல்லை இறுகவைக்கச் சேர்ப்பது) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். டிபிஓ சேர்த்த அழகுசாதனங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது.

வைடூரியம்

நவரத்தினங்களில் ஒன்றான வைடூரியத்துக்கு இலங்கை பேர்போனது. கல்லுக்குள் ஊசி மாதிரி மெல்லிய இழைகள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். அவற்றுக்குக் குறுக்காக ஓர் ஒளிக்கோடு விழும். நகத்தில் இதைச் செய்வது கேட் ஐ ஜெல். அதில் இரும்புத் துகள் கலந்திருப்பதால் காந்தத்தால் இழுத்துக் கோடாக்கலாம். துகள் பாட்டிலின் அடியில் தங்கிவிடும் என்பதால், பூசும் முன் பாட்டிலை இரு உள்ளங்கைக்கு நடுவில் ஒரு நிமிடம் உருட்டுங்கள். காந்தத்தையும் பாட்டிலையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

அடி நிறம் அடர் பழுப்பு, மெல்லிய இரண்டு பூச்சு. கடைகளில் எல்லா கேட் ஐ ஜெல்லுக்கும் கறுப்பு அடியே போடுவார்கள். தேன் நிறத்துக்கு அது ஒத்துவராது, சேறு மாதிரி ஆகிவிடும். பழுப்பு இறுகியதும் தேன் நிற கேட் ஐ ஜெல்லை மெல்லிதாகப் பூசி, காந்தம் காட்டாமலே இறுக்குங்கள். இரண்டாவது பூச்சைச் சற்றே தாராளமாகத் தடவுங்கள். பூச்சு மிக மெல்லிதானால் துகள் நகர இடமிருக்காது, மிகத் தடித்தால் அடிப்பகுதி இறுகாது. இப்போது காந்தப் பட்டையின் விளிம்பை நகத்துக்கு மேலே 3 முதல் 5 மி.மீ. உயரத்தில், 10 விநாடி அசையாமல் பிடியுங்கள். கோடு நகத்தின் நீளவாக்கில், நட்டநடுவில் விழ வேண்டும். குறுக்குச்சாய்வாகக் கோடு போடுவதுதான் இப்போதைய ஃபேஷன், ஆனால் மோதிரத்தில் பதிக்கும் வைடூரியத்தைப் பெரும்பாலும் கோடு நீளவாக்கில் ஓடும்படிதான் பட்டை தீட்டுவார்கள். சில காந்தங்களில் வெளிச்சக் கோட்டுக்குப் பதில் இருட்டுக் கோடு விழும். காந்தத்தைத் திருப்பி வேறு பக்கத்தைக் காட்டுங்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் நகத்தில் பழகிக்கொள்வது உத்தமம்.

காந்தத்தை எடுத்ததும் துகள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கலையத் தொடங்கும். அதனால் ஒரு விரலுக்குப் பூசி, காந்தம் காட்டி, உடனே 10 விநாடி விளக்கில் வைத்துவிட்டு அடுத்த விரலுக்குப் போங்கள். ஐந்து விரலும் ஆன பிறகு முழுசாக 60 விநாடி. ஐந்துக்கும் மொத்தமாகப் பூசிவிட்டுக் காந்தத்தை எடுத்தால், கடைசி விரலுக்கு வருவதற்குள் முதல் விரலின் கோடு அகன்று மங்கியிருக்கும். கோடை வெக்கையில் ஜெல் இளகுவதால் இன்னும் சீக்கிரம் கலையும். ஜன்னலோர வெயிலிலும் உட்கார வேண்டாம். பிரஷிலேயே ஜெல் இறுகத் தொடங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வலுவான காந்தங்களைத் தொடாமல் இருப்பது நல்லது.

கல்லின் உருண்ட முகம் வராவிட்டால் இவ்வளவும் வீண். கெட்டியான டாப் கோட்டில் ஒரு சொட்டை நகத்தின் நடுவில் வைத்து, ஓரத்துக்கு மெல்லிதாக இழுத்துவிடுங்கள். பிறகு உள்ளங்கை மேலே வரும்படி கையைத் திருப்பி 10 விநாடி வையுங்கள். ஜெல் நடுவில் திரளும். அந்த மேட்டை அப்படியே இறுக்கிவிடுங்கள். விரலை அசைக்கும்போது கோடு மிதப்பது இந்த மேட்டால்தான்.

இதே முறையில் சந்திரகாந்தக் கல்லும் வரும். அடி நிறம் பால் வெள்ளை, மேலே வெள்ளி நீல கேட் ஐ ஜெல். காந்தத்தை மேலே காட்டாமல் நகத்தின் நாலு பக்கத்திலும் பக்கத்துக்கு 3 விநாடி காட்டினால், மினுக்கு நடுவில் திரண்டு நிற்கும்.

மாலகைட்

இதற்கு விளக்கும் தேவையில்லை, சாதாரண பேஸ் கோட்டும் நெயில் பாலிஷுமே போதும். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும், அவ்வளவுதான். மூன்று பச்சை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிர்ந்த புதினாப் பச்சை, நடுத்தரப் பச்சை, கறுப்புக்குப் பக்கத்தில் வரும் அடர் பச்சை. நடுத்தரப் பச்சையை இரண்டு பூச்சு போடுங்கள். ஜெல் என்றால் மேலே நிற்கும் பிசுபிசுப்பை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோடு பரவும்.

விசிறி பிரஷின் நுனியை அடர் பச்சையில் லேசாகத் தொட்டு, தட்டில் ஒருமுறை இழுத்து, மயிர்கள் பிரிந்து நிற்கும்படி செய்யுங்கள். அதை வளைவாக ஒரே இழுப்பில் இழுத்தால் நாலைந்து இணைகோடு ஒன்றாக விழும். வளைவின் மையம் நகத்துக்கு வெளியே, ஒரு மூலையில் இருக்கட்டும். நடு நகத்தில் வட்டம் போட்டால் பெரிய கல்லின் துண்டு என்ற எண்ணமே வராது. பிறகு லைனர் பிரஷால் இரண்டு கோட்டைத் தடிப்பாக்கி, அவற்றுக்கு இடையில் புதினாப் பச்சையில் ஓர் இழை ஓட்டுங்கள்.

மாலகைட் அடுக்கடுக்காக வளரும் செம்புக் கனிமம். அதன் பட்டைகள் நெருங்கும், விலகும், ஒன்றையொன்று வெட்டாது. ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டினால் அப்போதே துடைத்துத் திரும்பப் போடுங்கள். எல்லாப் பட்டையும் ஒரே அகலமானால் தர்பூசணித் தோல்தான் மிஞ்சும். விரலுக்கு விரல் மையத்தை இடம் மாற்றுங்கள். மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் டாப் கோட்.

டர்க்காய்ஸ்

வான்நீலத்தில் ஒரு துளி பச்சை கலந்து இரண்டு பூச்சு. லைனர் பிரஷால் அடர் பழுப்பில் நரம்பு வரையுங்கள்: கிளை பிரியும் இடத்தில் தடிப்பு, போகப்போக மெலிவு, ஒரு நகத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு விரலை வெறும் நீலமாகவே விடலாம். ஈரானின் நிஷாபூர் கல்லில் நரம்பில்லாததுதான் உயர்தரம். பளபள டாப் கோட் போட்டால் பிளாஸ்டிக் மணியாகிவிடும், சாட்டின் அல்லது மேட் டாப் கோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஓபல்

டாப் கோட் மூன்று பங்கு, வெள்ளை ஜெல் ஒரு பங்கு கலந்து ஒரு பூச்சு. இறுகியும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, நிறம் மாறும் ஃப்ளேக்குகளை (மெல்லிய செதில்களை) காய்ந்த பிரஷால் எடுத்து, இடம் விட்டு விட்டு ஒட்டுங்கள். கிளிட்டர் பொடி உதவாது. ஓபலின் நிறம் பெரும்பாலும் புள்ளியாகத் தெரியாது, திட்டாகத்தான் தெரியும். மேலே மறுபடி அதே பால் கலவை, மறுபடி கொஞ்சம் ஃப்ளேக், அதன் மேல் டாப் கோட். பாலுக்குக் கீழே போன முதல் அடுக்குதான் ஆழத்தைத் தருகிறது. ஃப்ளேக் ஓரத்திலிருந்து 1 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும், நீட்டிக்கொண்டிருந்தால் முடியில் மாட்டி இரண்டே நாளில் உரியும்.

ஓபலுக்கும் சந்திரகாந்தத்துக்கும் சமையலறை மஞ்சள்தான் எதிரி. கையுறை போடுவது சுலபம். கறை பட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்கள். மஞ்சள் வெயிலில் வெளிறும்.

ஜெல்லை எடுக்கும்போது பிய்க்காதீர்கள். நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும். டாப் கோட்டை 100 கிரிட் ஃபைலால் உடைத்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயிலால் 15 நிமிடம் சுற்றி வையுங்கள். வைடூரிய நகத்தின் நடு மேட்டை முன்னதாகவே பாதி ராவிவிடுங்கள், இல்லையேல் அதற்கு மட்டும் இரண்டாவது சுற்று அசிட்டோன் தேவைப்படும்.