மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னம்: வரையும்போதும் விளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவு மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் சின்னம், கேடயத்தின் மேல் யானை, குறுக்காக இரண்டு வாள். பார்க்க எளிய சின்னம்தான். ஆனாலும் விழா பேனரிலும் நினைவுப் பரிசிலும் இது தவறாகவே வருகிறது.

பெரிய தவறு, "யானை என்றால் பலம்" என்று விளக்கிவிட்டு நகர்வது. இது அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயேயில், பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படை மராத்தியரை வென்றது. அதில் போரிட்ட மதராஸ் காலாட்படைப் பிரிவுகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி தந்த போர் மரியாதையே இந்த யானை. அதே போரில் நின்ற ஸ்காட்லாந்தின் 74ஆம் ரெஜிமென்டும் யானையை அணிந்தது. கோயில் யானை என்று நினைத்து நெற்றிப்பட்டமும் அம்பாரியும் ஏற்றிவிடுவதும் இந்த வரலாறு தெரியாத குழப்பத்தில்தான்.

அடுத்தது இடம் வலம். கேடயத்தில் வலப்பக்கம் என்பது அதைப் பிடித்திருப்பவரின் வலம். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடம். ஐரோப்பிய மரபில் விலங்கு வழக்கமாக அந்த வலப்பக்கம் பார்த்தே நிற்கும். டிசைனர் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால், எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். யானை மட்டும் இருந்தால் யார் கண்ணிலும் படாது. எனவே அச்சுக்குப் போகுமுன் அசல் தொப்பிச் சின்னத்தைப் பக்கத்தில் வைத்துத் தும்பிக்கை எந்தப் பக்கம், எந்த வாள் மேலே என்று ஒப்பிடுங்கள்.

எம்பிராய்டரியில் வேறு சிக்கல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் தந்தமும் தும்பிக்கையும் ஒரே நூல் கட்டியாகிவிடும். உள்கோடுகளைக் குறைத்து, தந்தத்துக்கும் தும்பிக்கைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். தங்க நூல் யானையை வெள்ளித் துணியில் தைக்கக் கூடாது. உலோக நிறத்தின் மேல் உலோக நிறம் வேண்டாம் என்ற ஐரோப்பியச் சின்ன மரபின் பழைய விதி தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஒரே உலோகத்தில் வார்க்கும் தொப்பிச் சின்னத்துக்கு அது பொருந்தாது.

குறிக்கோள் வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் "வீர மதராசி, அடி கொல்லு" என்று எழுதாதீர்கள். அது போர் முழக்கம். வாசகம் "ஸ்வதர்மே நிதனம் ச்ரேய:", அதாவது தன் கடமையில் சாவதே மேல், கீதை 3:35.

நீலகிரியிலுள்ள வெலிங்டனில் மையம் கொண்ட இந்தக் காலாட்படையையும், பெங்களூரிலுள்ள பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு.

நாடகத்துக்கு உடை தைப்பவர்கள் ஆண்டையும் பாருங்கள். 1944 காட்சியில் மேஜரின் தோளில் பதவிச் சின்னமாகக் கிரீடம். அசோகச் சிங்கம் 1950 குடியரசுக்குப் பிறகு வந்தது.