வீட்டு ஃபில்டர் காபி: ஃபில்டர் வாங்குவதிலிருந்து டிகாக்‌ஷன் இறக்குவது வரை

வீட்டில் காபி போட ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கொட்டை நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால், ஃபில்டர் அளவை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். எவ்வளவு விலை உயர்ந்த தூளாக இருந்தாலும், ஆறு பேருக்கான ஃபில்டரில் இரண்டு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் மளமளவென்று கீழே போய்விடும். நிறம் இருக்கும், காபி இருக்காது.

படி 1: ஃபில்டர்

தூளைப் போட்டதும் மேல் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிறைய வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தூளில் தங்கி, சாரத்தை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொட்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கப் ஃபில்டர் போதும். எப்போதாவது வரும் விருந்தாளிக்காகப் பெரியது வாங்க வேண்டாம். அன்றைக்கு இரண்டு முறை டிகாக்‌ஷன் போட்டுக்கொள்ளலாம்.

கடையிலேயே மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஓட்டைகள் சின்னதாக, ஒரே அளவாக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு கீழ்ப் பாத்திரத்தின் மேல் உட்கார வைத்துப் பாருங்கள். ஆடவும் கூடாது, காற்றுப் புகாதபடி இறுகவும் கூடாது. கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் டிகாக்‌ஷன் பாதியில் நின்றுவிடும். தூளின் மேல் வைக்கும் காம்பு வைத்த தட்டும் உடன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பித்தளையா, எவர்சில்வரா? பித்தளை பார்க்க அழகு. ஆனால் உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்க வேண்டும், தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு எவர்சில்வரே சரி.

படி 2: கொட்டை

காபித்தூள் கடைப் பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அடிப்படையில் இரண்டே வகை. அராபிகாவில் மணம் அதிகம், லேசான புளிப்பு உண்டு. ரோபஸ்டாவில் கசப்பும் அடர்த்தியும் அதிகம். கஃபீன் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பலகையில் 'பிளான்டேஷன்' என்றிருந்தால், பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா என்று பொருள். பழத்தோடு அப்படியே உலர்த்தியது 'செர்ரி'. பிளான்டேஷன் ஏ, பி என்பதெல்லாம் கொட்டையின் பருமனைச் சொல்லும் எழுத்துகள். ருசிக்குக் கொடுத்த மார்க் இல்லை. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் பீபெரி. குறைவாகக் கிடைப்பதால் விலை கூடுதல். உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்பார்கள். வெறும் பீபெரிக்காக அதிகம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். கலவையில் பாதி இருந்தால் போதும்.

இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது: குடகு, சிக்மகளூர் பக்கம். நம் ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, நீலகிரியிலும் நல்ல காபி உண்டு. எந்த ஊர்க் கொட்டை என்பதைவிட எப்போது வறுத்தது என்று கேட்பதுதான் பயன். கண்முன்னே அரைத்துக் கொடுக்கும் கடை அருகில் இருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடிக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் ஆக்கும், பால் ஊற்றினாலும் காபி வெளுக்காது. சிக்கரி என்றாலே கலப்படம் என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆனால் பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதனால் 49 சதவீதம் வரை சிக்கரி உள்ள தூளும் சட்டப்படி விற்கலாம்! 20 சதவீதத்துக்கு மேல் எனக்குக் காபி மணமே தெரிவதில்லை.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி பதினைந்து பர்சென்ட், ஃபில்டருக்கு அரைச்சுக் கொடுங்க. இருநூறு கிராம் போதும்." பால் தூக்கலாகக் குடிப்பவர்கள் பீபெரிக்குப் பதில் கால் பங்கு ரோபஸ்டா சேர்த்து, மீதி முழுவதும் பிளான்டேஷன் போடச் சொல்லலாம்.

தூள் விரலில் தேய்த்தால் ரவையைவிட நைசாக, மைதாவைவிடக் கரகரப்பாக இருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துப் பயன்படுத்தினால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

படி 3: டிகாக்‌ஷன்

இரண்டு டம்ளருக்கு 25 கிராம் தூள், அதாவது குவித்து மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் 130 மில்லி. தூள் தன் எடையைப் போல் சுமார் இரண்டு மடங்குத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதனால் கீழே இறங்குவது 80 மில்லி அளவுதான்.

1. ஃபில்டரை ஈரமில்லாமல் துடைத்து, தூளைப் போட்டு, பக்கவாட்டில் லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள்.

2. தட்டை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பலம் காட்ட வேண்டாம்.

3. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, முதலில் இரண்டு மூன்று கரண்டி மட்டும் சுற்றிலும் விடுங்கள். தூள் உப்பி, குமிழ் விட்டு, மணம் எழும்பும். அரை நிமிடம் கழித்து மீதியைத் தட்டின் மேல் நிதானமாக ஊற்றி மூடுங்கள்.

4. 15 முதல் 20 நிமிடம் தொடாதீர்கள்.

ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரைப்பு கரகரப்பு, அல்லது தூள் போதவில்லை. அரை மணி ஆகியும் மேலே தண்ணீர் நின்றால் மேல் பாத்திரத்தை ஒரு நொடி லேசாகத் தூக்கி வையுங்கள். காற்று அடைத்திருந்தால் அப்போதே சொட்டத் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் அரைப்பு ரொம்ப நைஸ். அடுத்த முறை கடையில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: கலப்பது

டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் 40 மில்லி டிகாக்‌ஷன், அப்புறம் அப்போதே காய்ச்சிய பால் 100 மில்லி. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் போதும். ஆறிய டிகாக்‌ஷனை மட்டும் அடுப்பில் நேராக வைக்காதீர்கள், கசந்துவிடும். கிண்ணத்தோடு வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் சூடாகிவிடும்.

படி 5: ஓட்டை அடைப்பு

கொஞ்ச நாளில் ஓட்டைகளில் தூள் இறுகி, டிகாக்‌ஷன் இறங்கத் திணறும். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். எவர்சில்வர் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து, அடிப்பக்கத்தைச் சிறு தீயில் காட்டுங்கள். அடைத்த தூள் சின்னச் சின்னப் பொறியாக எரிந்து உதிரும். நன்றாக ஆறிய பிறகு தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சரிபாருங்கள். வெள்ளீயம் பூசிய பித்தளையில் இதைச் செய்யாதீர்கள், பூச்சு உருகிவிடும்.