இருவழி வானொலி பொருத்திய பின் தோன்றும் வாகன மின்கோளாறுகளைக் கண்டறியும் முறை

பேசவும் கேட்கவும் பயன்படும் இருவழி வானொலியை வாகனத்தில் பொருத்திய சில நாட்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, பேசும் பொத்தானை அழுத்தும்போது வைப்பர் தானாக அசைந்தாலோ, ஸ்கேனரை மாட்டி, வாகனக் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளை உடனே அழித்துவிட வேண்டாம். அவற்றை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வானொலியின் பியூஸையும் அன்ரனாக் கேபிளையும் கழற்றிவிட்டு வாகனத்தை ஓட்டிப் பாருங்கள். கோளாறு அப்போதும் தொடர்ந்தால், பொருத்தும் வேலையின்போது ஏதோ ஒரு வயர் நசுங்கியிருக்கிறது, அல்லது டாஷ்போர்டுக்குப் பின்னாலோ ஆசனத்துக்கு அடியிலோ கழற்றிய இணைப்பு ஒன்று சரியாக மீண்டும் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். அங்கே மஞ்சள் உறையிட்ட வயர்களைக் கண்டால் அவை பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் மல்டிமீற்றரை ஒருபோதும் வைக்காமல், பயிற்சி பெற்ற ஒருவரிடம் வாகனத்தை ஒப்படையுங்கள்.

வானொலியைக் கழற்றியதும் கோளாறு நீங்கினால், அது மின்வயர் வழியாக வருகிறதா, அன்ரனாவின் அலை வழியாக வருகிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கராஜ்களில் பெரும்பாலும் தவிர்க்கப்படும் இந்தச் சோதனையே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. அன்ரனாவுக்குப் பதிலாக, வானொலியின் வலுவைத் தாங்கக்கூடிய 50 ஓம் டம்மி லோட் (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் போலிச் சுமை) ஒன்றை இணைத்துச் சில வினாடிகள் பேசிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் அன்ரனாப் பக்கத்தையும், மறையாவிட்டால் மின்வயர்ப் பக்கத்தையும் ஆராய வேண்டும். அன்ரனாவோ டம்மி லோடோ இணைக்கப்படாத நிலையில் பொத்தானை அழுத்தினால் கருவியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் பழுதடையலாம்.

மின்வயர்ப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். 50 வாற் வானொலி பேசும்போது ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும். சிகரெட் லைற்றர் துளையிலிருந்தோ, கார் ஸ்டீரியோவின் வயரிலிருந்தோ இதை எடுத்தால், மெல்லிய வயரில் வோல்ற்றளவு சரிந்து, அதே வயரை நம்பியிருக்கும் மற்றக் கருவிகளும் தடுமாறும். போகவும் வரவும் சேர்த்து 10 மீற்றர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 10 அம்பியர் ஓடும்போது சுமார் 1.2 வோல்ற் இழக்கப்படுகிறது. 4 சதுர மில்லிமீற்றர் வயரில் அந்த இழப்பு 0.45 வோல்ற்றுக்குள் அடங்கிவிடும். எஞ்சினை இயக்கி, பேசும் பொத்தானை அழுத்தியபடியே பற்றரி முனையிலும் வானொலியின் பின்புறத்திலும் வோல்ற்றளவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரையோ இணைப்பையோ மாற்ற வேண்டும். நேர் வயர் பற்றரியிலிருந்தே வர வேண்டும், அதன் பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வானொலிக்கு அருகில் மட்டும் பியூஸ் இருந்தால், இடையில் வயர் உரசிச் சோர்ட் ஆகும்போது அதைத் தடுக்க எதுவும் இராது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வயர் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

எர்த் இணைப்பு தனிக் கவனத்துக்குரியது. புதிய வாகனங்கள் பலவற்றில் பற்றரியின் மறை முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கும். வானொலியின் கறுப்பு வயரை நேரே அந்த முனையில் பூட்டினால் அதன் மின்னோட்டம் உணரிக்குத் தெரியாமல் போய், சார்ஜ் செய்யும் கணக்கு பிழைக்கும். பற்றரியின் எர்த் பட்டி வாகன உடலில் பூட்டப்படும் இடத்திலேயே அதை இணைப்பது நல்லது. முகத்துவாரம், வெள்ளவத்தை போன்ற கரையோரங்களில் நிறுத்தப்படும் வாகனங்களில் உப்புக் காற்றால் அந்தப் பட்டியே அரிக்கப்பட்டிருக்கலாம். பட்டி பழுதானால், மறை முனையில் நேரே பூட்டிய வானொலி வயரின் வழியாக ஸ்டாட்டரின் பெரும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல முயன்று வயரை எரித்துவிடும். ஆகவே பூட்டும் இடத்துப் பெயின்ற்றையும் துருவையும் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, இறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள்.

அன்ரனாப் பக்கம்தான் காரணம் என்று தெரிந்தால், வானொலியின் வலுவை 10 வாற்றுக்குக் குறைத்துப் பாருங்கள். கோளாறு தணிந்தால் ஐயம் உறுதியாகும். அன்ரனாவிலிருந்து எவ்வளவு வலு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் நிற்கும் அலை விகிதத்தை (SWR) மீற்றரால் அளக்கும்போது அது 1.5க்குள் இருப்பது நல்லது, 2ஐத் தாண்டினால் அன்ரனாவின் நீளமோ அதன் அடித்தளத் தொடர்போ சரியில்லை. அன்ரனாவைக் கூரையின் நடுவுக்கு மாற்றுவதும், அதன் கேபிளை வாகன வயர்க் கட்டோடு சேர்த்து ஓட்டாமல் விலக்குவதும் பெரும்பாலும் பலன் தரும். கேபிளின் மேல் ஓடும் மிச்ச அலையை அடக்க, அதைப் பெரைட்டு (ferrite) என்னும் காந்தப் பொருளாலான வளையத்தில் சில சுற்றுகள் சுற்றலாம். உரிமத்துக்குரிய அலைவரிசையிலேயே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வானொலியில் கேட்டால், அது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேற்றரிலிருந்து மின்வயர் வழியாக வருவது. மேற்சொன்ன நேர் வயர், எர்த் திருத்தங்களிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடும். ஹைபிரிட் கார்களில் ஓல்டர்னேற்றருக்குப் பதிலாக உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ற்றாகக் குறைக்கும் DC-DC சுற்று இயங்குவதால், எஞ்சின் நின்றிருக்கும்போதும் இரைச்சல் இருக்கலாம். அவற்றில் ஆரஞ்சு உறையிட்ட கேபிள்களில் உயிராபத்தான உயர் மின்னழுத்தம் உண்டு; அவை செல்லும் பாதை தெரியாமல் தளத்திலோ பக்கச் சுவரிலோ துளையிடக் கூடாது.

காலையில் பற்றரி இறங்கிக் கிடந்தால், வாகனத்தைப் பூட்டி அரை மணி நேரம் விட்ட பிறகு, மறை முனையோடு தொடராக அம்பியர் மீற்றரை வைத்து அளவுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால் வானொலியின் பியூஸைப் பிடுங்கி, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அணைக்க மறந்த வானொலி 0.4 அம்பியர் எடுத்தாலும், வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரையிலான 60 மணி நேரத்தில் 24 அம்பியர் மணி போய்விடும். ஹைபிரிட் காரின் சிறிய 12 வோல்ற் பற்றரிக்கு அது பேரிழப்பு. சாவி திருப்பியிருக்கும்போது மட்டும் இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை வானொலியின் நேர் வயரில் சேர்த்து, அந்த ரிலேயின் கட்டுப்பாட்டு வயருக்கும் தனியே 1 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.