மாரியைக் காணாத வரைபடம்: மரபுக் காணியில் பயிற்சி நிலையத்தை மீளக் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் அரச பயிற்சி நிலையமொன்றை மீளக் கட்டும் வேலை பெரும்பாலும் பழைய காணியொன்றில்தான் வந்து சேர்கிறது. ஓட்டுக் கூரை மண்டபம், முருகைக்கல் மதில், படி வைத்துக் கட்டிய கேணி, எல்லையில் பனை வரிசை என்று எல்லாம் அங்கே இருக்கும். அண்மைக் காலமாக இளம் பொறியியலாளர்கள் தயாரிக்கும் வரைபடங்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை விட்ட பிழைகளையே அவர்களும் புதிய கணினி மென்பொருளில் விடுவது தெரிகிறது. அனுமதி பெறுங்கள், மண் பரிசோதனை செய்யுங்கள் என்பன யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை.

1815ஐ எல்லைக் கோடாக எடுத்துக்கொள்வது

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே பண்டைய நினைவுச் சின்னங்களாகக் கொள்கிறது. காணியில் நிற்பது பிரித்தானியர் காலத்துக் கட்டடம் என்று தெரிந்தவுடன் பலர் அந்தக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பிற்காலக் கட்டடங்களையும் அமைச்சர் கட்டளை மூலம் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம். அதைவிட முக்கியமாக, மேலே நிற்கும் கட்டடத்தின் வயதுதான் கீழேயுள்ள மண்ணின் வயதும் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் அகழ்ந்தபோது, மக்கள் வாழும் ஊரின் மண்ணுக்கடியிலிருந்துதான் பண்டைய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் வெளிவந்தன.

கோடையில் அளந்து, கோடையிலேயே தீர்மானிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான்; செலவிலும் இதற்கு நிகரான வேறொன்றை நான் காணவில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு முழம் தாழ்ந்தால் உவர்நீர் ஏறக்குறைய 40 முழம் மேலேறும் என்பது பாடநூல் தரும் விகிதம். எனவே நம்முடைய முன்னோர் வெட்டி வைத்த கேணியும் குளமும் வெள்ளவாய்க்காலும், அக்காணியின் கிணறு உவராகாமல் இருப்பதற்கான ஏற்பாடும் ஆகும்.

இந்த ஏற்பாடு கோடையில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அரசின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. நிதி ஒதுக்கீடு கைக்கு வந்து, சித்திரை வெயிலில் காணியை அளந்து, ஆடியில் கேள்விப்பத்திரம் கோரி, ஆவணியில் அத்திவாரம் வெட்டி, செலவழியாத பணம் திறைசேரிக்குத் திரும்புமுன் கொடுப்பனவுப் பட்டியலைக் கொடுத்து முடிக்க வேண்டும். நிலம் தன் தண்ணீரைக் காட்டும் மூன்று மாதங்களும் கணக்கு முடிக்கும் மூன்று மாதங்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. எல்லோரும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் நிலத்தைப் பார்க்க ஆளிருப்பதில்லை.

வலிகாமத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காணியின் வடமேற்கு மூலையில் ஆழமில்லாத ஒரு பள்ளம் இருந்தது. பக்கத்தில் ஆவுரோஞ்சிக் கல்லொன்று சரிந்து கிடந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்க வந்து உரசிக்கொள்வதற்காக நாட்டப்படும் கல் அது. அது நிற்கும் இடத்தில் தண்ணீர் இருந்திருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் வளர்ந்த எவரும் ஊகிக்கலாம். அளவைப் படத்திலோ அந்த மூலை ‘வெற்றுக் காணி’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பழைய மண்டபத்தை இடித்த கல்லையும் ஓட்டையும் கொட்டிப் பள்ளத்தை நிரவி, அதன் மேல் பயிலுநர் விடுதியை எழுப்பினார்கள். வேலிக்கு அப்பால் வெங்காயம் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, உது தண்ணி வாற இடம். நீங்கள் நிரவினாலும் அது வரும்” என்று சொன்னார். அவருடைய சொல் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. விடுதியின் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்கு நின்றது. மிச்சம் பெரியவரின் தோட்டத்துக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டு, நிரவிய மண் சமனின்றித் தாழ்ந்து, சுவர்களில் மூலைவாட்டில் வெடிப்பு விழுந்தது. பிறகு பம்பி வைத்தார்கள், வீதியோரமாக வடிகால் வெட்டினார்கள், அயலவரோடு வழக்கும் பேசினார்கள். நன்னீராக இருந்த கிணறு ஆனியில் உவர்க்கத் தொடங்கியது. கேணியைத் தூர்வாரி, விடுதியை இருபது யார் தூரம் தள்ளி வைத்திருந்தால் இவற்றில் ஒரு சதமும் செலவாகியிராது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய பின்னரும் இப்படி வரைபவர்கள் இருக்கிறார்கள் என்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஆகவே முதலாம் ஆண்டில் அளவைக்கும் வரைபடத்துக்கும் மட்டும் நிதி கேளுங்கள். கட்டட நிதியை இரண்டாம் ஆண்டுக்கு விடுங்கள். இடையே ஒரு மாரி கிடைக்கும். அந்த மாரியில் காணிக்குள் நடந்து, தண்ணீர் எங்கிருந்து நுழைந்து எங்கே நிற்கிறது என்பதைப் படத்தில் குறியுங்கள். பெரும்பகுதி 10 மீற்றருக்கும் தாழ்ந்த இத்தட்டை நிலத்தில் 1 மீற்றர் இடைவெளிச் சமவுயரக் கோடுகள் எதையும் காட்டமாட்டா. 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். கிணற்று நீர்மட்டத்தை ஆவணியிலும் மார்கழியிலும் அளந்து எழுதுங்கள். காத்திருக்கவே முடியாது என்றால், மதிலின் அடியில் பழைய வெள்ளம் விட்ட கறையைத் தேடுங்கள். அயலவரின் வாக்கைப் பெயரின்றியாவது அறிக்கையில் சேருங்கள். வெள்ளவாய்க்காலை வரைந்த பிறகே வகுப்பறையை வரைய வேண்டும்.

திட்டத்தைத் துண்டாக்குவது

0.25 ஹெக்டேயரை விஞ்சும் அபிவிருத்திக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள். அந்த அளவுக்குள் அடங்குவதற்காக வகுப்பறை ஒரு கட்டம், விடுதி ஒரு கட்டம், சமையற்கூடம் ஒரு கட்டம் என்று பிரித்து அனுப்புவதைக் கெட்டித்தனம் என்று கருதுகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் ஏதாவது மட்பாண்டம் வெளிப்பட்டால், முதலிரண்டு கட்டங்களின் கோப்புகளும் சேர்த்தே திறக்கப்படும்.

பழைய சுவரில் சீமெந்துப் பூச்சு

முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவருக்கு அடியில் ஈரத்தடை கிடையாது. உப்புக் கலந்த நிலத்து ஈரம் அதில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சினூடே காற்றில் உலர்ந்துவிடும். சீமெந்து பூசினால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொடியாக்கும். பூச்சு உரிந்தவுடன் ‘பழைய சுவர் பலமில்லை’ என்று எழுதி இடிக்கச் சிபாரிசு செய்கிறார்கள்.

உறிஞ்சுகுழி

வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் மலக்கழிவு வடிகட்டப்படாமலே கிணற்றை அடைகிறது. விடுதிக்கு அடைத்த தொட்டியும் சுத்திகரிப்பும் வேண்டும்.

புதிய குழாய்க் கிணறு

வேண்டாம்.

பனை

அனுமதியின்றித் தறிக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் வரைபடத்தை நகர்த்தப் பாருங்கள்.

நிறுத்துவதற்கு இடமில்லாத ஒப்பந்தம்

அத்திவாரக் குழியில் ஓட்டுச் சில்லோ கட்டுக்கல்லோ தென்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நிறுத்திய நாட்களுக்கு ஒப்பந்தக்காரருக்கு யார் பணம் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், எந்த மேசனும் எதையும் கண்டதாகச் சொல்லமாட்டார்; கண்டது அன்று மாலையே கொங்கிறீற்றுக்குள் போய்விடும். எனவே அகழ்வைக் கண்காணிக்க ஒருவரையும், நிறுத்த நாட்களுக்கான தொகையையும் விலைப்பட்டியலில் தனித்தனி உருப்படிகளாகச் சேருங்கள். மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவது இவ்விரண்டும்தான் என்பதால், திருத்திய பிரதியில் அவை இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.