பாட்டு ஆசையைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் திருவிழா மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் செண்டையும் இலத்தாளமும் கேட்கும், இன்னொரு பக்கம் உருமியும் பம்பையும் கேட்கும். சித்தூர் போகிற பஸ்ஸில் மலையாளப் பாட்டு, டீக்கடையில் தமிழ்ப் பாட்டு. இப்படி ஒரு ஊரில் பிறந்த பிள்ளைக்கு இசை தன்னால் வந்துவிடும் என்று நானும் மெத்தனமாக இருந்தேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளோடு மல்லுக்கட்டியதில் நான் செய்த தவறுகளும், அக்கம்பக்கத்தில் பார்த்தவையும்தான் இங்கே எழுதுவது.

முதல் தவறு, "அதெல்லாம் ரத்தத்திலேயே இருக்குங்க" என்று நம்புவது. பாலக்காட்டுக்காரர்கள் இதற்குக் கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரை உதாரணம் காட்டுவார்கள். 1896-ல் பிறந்தவர், அப்பா அனந்த பாகவதரிடமே பாட்டுக் கற்றவர். அவருடைய சீடர் யேசுதாஸுக்கும் முதல் குரு அப்பாதான். அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர். பரம்பரை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த வீடுகளில் அப்பாவின் பாட்டு பிள்ளையின் காதில் நாள் முழுக்க விழுந்துகொண்டிருந்திருக்கும். நம் வீட்டில் என்ன விழுகிறது?

என் கதை அப்படித்தான். எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு, ஆனால் எல்லாம் இயர்போனில். தோப்புக்குப் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டியிருப்பேன். அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்று மகளுக்குத் தெரியும். என்ன பாட்டு என்று தெரியாது. ஒருநாள் இயர்போன் அறுந்து, வேறு வழியில்லாமல் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜடை பின்னும்போது சரணத்தை முணுமுணுக்கிறாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக நிற்கிற "ச". அதிகம் பேர் கவனிக்காத தவறு இது, அதிகம் கெடுப்பதும் இதுதான். கட்டை என்பது அந்தச் சுருதி எவ்வளவு உயரம் என்று ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து எண்ணும் கணக்கு. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் ஐந்து கட்டைப் பக்கம். நான் என் சௌகரியத்துக்கு ஒரு கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்து "ச ரி க ம" பாடச் சொன்னேன். ஒரு "ச"விலிருந்து அடுத்த "ச" வரை உள்ளது ஒரு ஸ்தாயி. என் ஸ்தாயியில் கீழே வந்தால் அவளுக்குக் குரலே காணாமல் போகிறது. மேல் ஸ்தாயிக்குத் தாவினால், மேல் "ச"வைத் தாண்டியதும் கத்தலாகிறது. "சுருதியே சேரலையே" என்று சலித்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்துப் பாட்டு டீச்சர் பெட்டியைக் கையில் எடுத்து ஐந்து கட்டைக்கு மாற்றினார். அவ்வளவுதான், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடம் அழகாக வந்து நின்றது. குற்றம் பெட்டியில் இருந்தது, பிள்ளையிடம் தேடியிருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் "எனக்குப் பாட்டு வராது" என்று அவள் முடிவு கட்டியிருந்தால், பிறகு எந்த டீச்சராலும் அதை அழிப்பது கஷ்டம்.

விருந்தாளி வந்ததும் "அத்தைக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு கண்ணு" என்று ஆரம்பிக்கிறோமே, அதையும் விட்டுவிடலாம். பாதிப் பாட்டில் அத்தை காபியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும்.

கேரளத்துப் பக்கம் இருக்கிற நமக்குக் கூடுதலாக ஒரு ஆபத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டியான கலோத்ஸவம். நான் அதற்கு எதிரி இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதே அதில்தான். தமிழில் பத்யம் (செய்யுள்) சொல்லவும் போட்டி உண்டு. ஆனால் ஏ கிரேடும் அதன் பின்னால் பரீட்சையில் கூடுதலாக வரும் கிரேஸ் மார்க்கும் பெற்றோர் தலையில் ஏறிவிட்டால், வருடம் பூராவும் ஒரே ஒரு பாட்டு. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே கையை விரிக்க வேண்டும் என்பதுவரை பிசிறில்லாமல் பழக்குகிறார்கள். போட்டி முடிந்த மறுவாரம் அந்தப் பாட்டைக் கேட்டாலே பிள்ளை எழுந்து போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கோப்பை கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, ஆர்மோனியம் பரணில் இருக்கிறது. போட்டிக்கு அனுப்புங்கள், சரி. கூடவே யாரும் மார்க் போடாத பாட்டு நாலைந்தாவது வீட்டில் ஓடட்டும்.

நமக்குப் பிடித்ததே பிள்ளைக்கும் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்குத்தான் அடி விழுந்தது. ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேரை ஒட்டி நடக்கும் சங்கீத உற்சவத்துக்கு மகளை அழைத்துப் போனேன். தோடி ராக ஆலாபனையில் நான் உருகிக்கொண்டிருந்தபோது அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். எழுப்பி உட்கார வைத்தேன், மறுபடியும் தூக்கம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தானாக எழுந்தாள். மிருதங்கத்தையும் கடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார் கதவில் தாளம்தான். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அப்புறம் பாலக்காடு மணி ஐயர் நினைவுக்கு வந்தார். 1912-ல் பிறந்தவர்; அப்பா சேஷ பாகவதர் பாடகர். அந்த வீட்டுப் பிள்ளை கையில் எடுத்தது மிருதங்கத்தை. பாட்டு வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வாரம் ஒருநாள் மிருதங்கமும் சேர்த்தோம். மூன்று மணி நேரக் கச்சேரியில் பிள்ளையைக் கட்டிப்போடுவதையும் விட்டுவிட்டேன். அரை மணி கேட்டுவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுவோம்.

அவள் கேட்கும் புதுப் பாட்டுகளைத் திட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் அப்பா என் பாட்டுகளைத் "தகர டப்பா" என்பார். நான் அவர் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கியது அவர் போன பிறகு.

ஆண் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குரல் உடையத் தொடங்கும். குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அதுவரை பாடிய இடத்தில் காற்றுதான் வரும். இதைச் "சாதகம் (பயிற்சி) போதவில்லை" என்று எடுத்துக்கொண்டு பழைய கட்டையிலேயே உச்சத்தைப் பாட வைத்தால் தொண்டையும் புண்ணாகும், மனசும் புண்ணாகும். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நின்றான். அவனுடைய அம்மா புத்திசாலி. பாடச் சொல்லாமல் தாளம் மட்டும் போட வைத்து, வாரா வாரம் கேட்க மட்டும் அனுப்பினார். எட்டு மாதம் போல ஆனது. இப்போது இரண்டு கட்டையில் பாடுகிறான், சாயங்காலம் எங்கள் திண்ணைவரை கேட்கிறது.