சிங்கப்பூர் வந்ததும் எங்க தங்குறது? புதுசா வர்றவங்களுக்கு

சிங்கப்பூர்ல வேலை கெடச்சு டிக்கெட் போட்ட உடனே நம்மாளுங்க நிறைய பேர் ஊர்ல உக்காந்துக்கிட்டே ரூம் தேடி அட்வான்ஸ் அனுப்பிடுறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு நிஜமாவே எவ்ளோ தூரம் நடக்கணும், சாயங்காலம் அந்த ஜன்னல்ல வெயில் எப்படி அடிக்குது, ஓனர் எப்படிப்பட்டவங்க, இதெல்லாம் நேர்ல வந்தாதான் தெரியும். முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு இடம், அங்க இருந்துக்கிட்டே தேடி நீண்ட நாளைக்கு ஒரு இடம்னு ரெண்டு கட்டமா போங்க.

முதல் கட்டத்துல ஒரு விஷயம் கவனிக்கணும். நம்ம ஊர் மாதிரி யாரோ ஒருத்தர் வீட்ல பத்து நாள் வாடகைக்கு இருந்துக்கலாம்னு நெனச்சா அது இங்க சட்டப்படி தப்பு. எச்டிபி வீடுன்னா (அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி வீடு) குறைஞ்சது 6 மாசம், காண்டோ மாதிரி தனியார் வீடுன்னா குறைஞ்சது 3 மாசம் வாடகைக்கு விடணும். டூரிஸ்ட்டா வந்தவங்களுக்கு எச்டிபி ரூமே விடக்கூடாது, உங்க வேலை பாஸ்ல குறைஞ்சது 6 மாசம் மிச்சம் இருக்கணும். ஏர்பிஎன்பி-ல ஒரு வாரத்துக்கு எச்டிபி ரூம் கெடச்சா அதை நம்பி வந்துடாதீங்க.

அப்போ எங்க தங்குறது? தனியா வர்றவங்களுக்கு லிட்டில் இந்தியா, லாவெண்டர் பக்கம் இருக்கிற ஹாஸ்டல் போதும், பங்க் பெட்தான், லாக்கர் குடுப்பாங்க, பாத்ரூம் பொது. கீழ இறங்குனா தேக்கா மார்க்கெட், ராத்திரி லேட்டானாலும் முஸ்தபா கடை இருக்கு, சாப்பாட்டுக்கு கவலையே இல்ல. குடும்பத்தோட வந்தா ஹோட்டலை விட சர்வீஸ் அபார்ட்மெண்ட் நல்லது, சமையலறை இருக்கும், வாஷிங் மெஷின் இருக்கும், குழந்தைக்கு ரசம் சாதம் வெச்சு குடுக்கலாம். பொதுவா குறைஞ்சது 7 நாள் தங்கணும், காசும் கொஞ்சம் ஜாஸ்திதான், அதனால கம்பெனி முதல் மாசம் தங்குற செலவு குடுக்குமான்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர் கிட்ட கேட்டுருங்க, கேட்டா குடுக்குற இடங்கள் இருக்கு, கேக்காதவங்களுக்கு யாரும் தேடி வந்து சொல்ல மாட்டாங்க.

நடுவுல கோ-லிவிங்னு ஒண்ணு இருக்கு. ரூம், வைஃபை, கரண்ட், தண்ணி, க்ளீனிங் எல்லாம் ஒரே பில், நிறைய இடத்துல 3 மாசத்துக்கே தர்றாங்க. ப்ரொபேஷன் முடியுற வரைக்கும் நீண்ட அக்ரிமெண்ட் வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு இது சரியா இருக்கும்.

இனி எச்டிபி ரூம், நம்மள்ல பெரும்பாலானவங்க கடைசில வந்து சேர்ற இடம். 3 ரூம் வீடுன்னு விளம்பரத்துல பாத்தா மூணு பெட்ரூம்னு நெனச்சுடாதீங்க, ஹாலையும் சேத்துதான் எண்ணுவாங்க, பெட்ரூம் ரெண்டுதான். அட்டாச்டு பாத்ரூம் இருந்தா மாஸ்டர் ரூம், இல்லன்னா காமன் ரூம். சொந்தம் இல்லாதவங்க 6 பேருக்கு மேல ஒரு வீட்ல இருக்கக்கூடாது, 2024 ஜனவரில இருந்து 4 ரூமும் அதுக்கு மேலயும் உள்ள வீடுகளுக்கு மட்டும் தற்காலிகமா 8 பேர்னு ஆக்கிருக்காங்க. ஹால்ல தடுப்பு போட்டு பெட் ஸ்பேஸ் தர்றேன்னு சொன்னா விலகிடுங்க.

அப்புறம் சமையல். "லைட் குக்கிங்"னு போட்டிருந்தா நாம இட்லி, சாம்பார்னு அர்த்தம் பண்ணிக்குவோம், ஓனர் மனசுல இருக்கிறது நூடுல்ஸும் வெந்நீரும். நான் ஈசூன் ஏரியால முதல்ல இருந்த வீட்ல ஒரு ஞாயித்துக்கிழமை கடுகும் காஞ்ச மிளகாயும் போட்டு தாளிச்சேன், அந்த நெடியில ஓனர் ஆன்ட்டி இருமிக்கிட்டே வந்து ஒண்ணும் சொல்லாம எல்லா ஜன்னலையும் தெறந்துட்டு அவங்க ரூம் கதவ சாத்திக்கிட்டாங்க. மறுநாளே மெசேஜ், இனிமே எண்ணெய் சமையல் வேணாம்னு. அவங்க மேல தப்பே இல்ல, நான்தான் மொதல்லயே தாளிப்பு, மீன் எல்லாம் உண்டுன்னு வெளிப்படையா சொல்லிருக்கணும். ஏசி எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், துணி வாரத்துக்கு எத்தனை தடவை துவைக்கலாம், பியூபி பில்ல (கரண்ட், தண்ணி பில்) எப்படி பிரிக்கிறதுன்னு இதையும் அப்பவே பேசிடுங்க.

காசு விஷயம். வழக்கமா ஒரு வருஷ அக்ரிமெண்ட்டுக்கு ஒரு மாச வாடகை டெபாசிட். ஸ்டாம்ப் டூட்டி மொத்த வாடகையில 0.4 சதவீதம், கையெழுத்து போட்ட 14 நாளுக்குள்ள கட்டணும், வழக்கமா அது நம்ம கையில இருந்துதான் போகும். மாசம் 1,000 வெள்ளின்னா (சிங்கப்பூர் டாலரத்தான் இங்க வெள்ளிம்பாங்க) வருஷத்துக்கு 48 வெள்ளிதான், கட்டாம விட்டா நாளைக்கு தகராறு வந்து கோர்ட்டுக்கு போனா அந்த அக்ரிமெண்ட ஆதாரமா காட்ட முடியாது. ஏஜென்ட் பேரையும் நம்பரையும் ஏஜென்ட்டுங்கள பதிவு பண்ற அரசு அமைப்பான சிஇஏ-வோட ரெஜிஸ்டர்ல போட்டு பாருங்க, எச்டிபி வாடகைப் பணத்தையோ டெபாசிட்டையோ ஏஜென்ட் கையில வாங்கவே கூடாது, "எங்கிட்ட குடுங்க நான் ஓனருக்கு அனுப்பிடுறேன்"னு சொன்னா அங்கயே நிறுத்திருங்க. ரூம் மட்டும் வாடகைக்கு விடுற ஓனர் அதே வீட்லதான் இருக்கணும், உங்க பேர எச்டிபி-ல பதிவும் பண்ணணும்.

சாவி வாங்குற அன்னிக்கே சுவர், மெத்தை, ஏசி, பாத்ரூம் டைல்ஸ் எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, தேதியோட இருக்கும். நான் ரெண்டாவது வீட்ல அதை செய்யல, காலி பண்ணும்போது மெத்தைல ஏற்கனவே இருந்த கறைக்கு டெபாசிட்ல 200 வெள்ளி போச்சு.

அப்பா அம்மா வந்து தங்கணும்னா முன்னாடியே ஓனர் கிட்ட கேளுங்க, பல பேர் ஒத்துக்க மாட்டாங்க. அப்போ ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல் போட்டுக்கோங்க, சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு அவங்களே நடந்து போயிட்டு வந்துருவாங்க, நீங்க ஆபீஸ் முடிச்சு வர்ற வரைக்கும் பொழுது போயிரும்.