சுவர் அலுமாரிக்குப் புதுக்கதவு: அளவு பிழைக்கும் இடங்கள்

திருகோணமலையில் பழைய கல்வீட்டுச் சுவர் அலுமாரிக்குக் கதவு மாற்றுகிறவர்கள் முதலில் விடும் பிழை, கைக்கு எட்டிய நடுப்பகுதியை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போவது. கையால் பூசிய சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருப்பது அபூர்வம். மேலே 46 அங்குலம் என்றால் கீழே 45¼ இருக்கும். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சிறியதையே கணக்கில் எடுங்கள், உயரத்துக்கும் அப்படித்தான். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக நாடாவைப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்து வராவிட்டால் அலுமாரியின் வாசல் சரிந்திருக்கிறது.

சரிவுக்கு ஏற்றபடி கதவைச் சீவலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணல் கதவு மூடியிருக்கும்போதும் கண்ணை உறுத்தும். வாசலைத் திருத்துவதுதான் நல்லது. ஒரு மரச்சட்டத்தை ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெல்லிசாகவும் சீவி, தூக்குக்குண்டு பார்த்துச் சுவரோரம் பொருத்தினால் வாசல் நேராகிவிடும். பிறகு எந்த ஓடாவியும் கதவைச் செய்து தருவார்.

உள்ளே வெற்றான ஆயத்தக் கதவை வாங்கி வெட்டுவதும் வீண்வேலை. அதன் ஓரத்தில் மட்டும்தான் ஒடுங்கிய சட்டம் இருக்கும். இரண்டு அங்குலம் வெட்டினால் அந்தச் சட்டமே போய்விடும், பிணைச்சலின் திருகாணிக்குப் பிடி கிடைக்காது.

வாசல் 8 அடிக்கு மேல் உயரமா? பிளைவுட் தகடு பொதுவாக 8க்கு 4 அடிதான். ஒட்டுப் போடாமல் மேல்தட்டுக்குத் தனிக்கதவு வையுங்கள்.

தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடும் தள்ளுகதவில் கணக்கு வேறு. 70 அங்குல வாசலுக்குத் தலா 35 என்று இரண்டு செய்தால் நடுவில் இடைவெளி தெரியும். ஓர் அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், ஆகவே தலா 35½. தண்டவாளமும் சில்லும் கைக்கு வரும்வரை உயரத்தை முடிவு செய்யாதீர்கள்.

இங்கே பலரும் மறப்பது காற்றை. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். அப்போது இறுக்கமாகப் பொருத்திய பலகைக் கதவு கார்த்திகை மாரியில் ஊதி, இழுத்தாலும் வராது. மரம் நீளத்தில் அல்ல, அகலத்தில்தான் ஊதும். அதனால் கச்சான் காலத்தில் பொருத்துவதென்றால் பக்கவாட்டில் 1/8 அங்குலத்துக்கும் சற்றுக் கூடவே இடைவெளி விடுங்கள். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயின்ட் பூசாமல் விடுவது பெரிய பிழை, ஈரம் அந்த வழியாகவும் ஏறும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் சாதாரண இரும்புப் பிணைச்சல் சீக்கிரமே கறள் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பிணைச்சல் வாங்கிவிட்டு இரும்புத் திருகாணி போடுகிறவர்களும் உண்டு. திருகாணியையும் அதே வகையில் கேட்டு வாங்குங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில், 18 மில்லிமீற்றர் தடிப்பில், 7 அடிக்கு 2 அடிக் கதவு ஏறக்குறைய 17 கிலோ வரும். அதற்கு இரண்டு பிணைச்சல் போதாது.